காய் பிடித்தால் பாதி

பிப்ரவரி 9

அன்புள்ள சாம்பிள்,

வீட்டை விட்டு வந்தபிறகு எழுதும் முதல் கடிதத்திலேயே உதவி கேட்பது நாகரிகமில்லைதான். ஆனால் நம் சண்டை தீரட்டும் என்று பூ காத்திருப்பதில்லை.

நம் வரிக்காரி, பூவில் வரி வரும் என்று நம்பிப் பெயர் வைத்தோமே அந்த லில்லி, அதற்கு ஒரு குட்டி இருக்கிறது. நீ எரிப்பதற்கு முந்தின வருஷமே தாய்க்கிழங்கின் பக்கத்தில் எலுமிச்சை அளவுக்கு வளர்ந்திருந்தது. அதைப் பிரித்து, நான் அப்போது வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே அறைக்கு வெளியே இருந்த ஜன்னல் விளிம்பில் நட்டு வைத்தேன். மறைக்கவில்லை. நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. இந்த ஊருக்கு வந்தபோது அதை மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "குழந்தைக்கு அரை டிக்கெட் போட்டுடலாமா?" என்றார்.

இப்போது அதில் மொட்டு. உறை பிளந்துவிட்டது. கல்யாணமான வருஷம் விதை போட்டு, ஆறு வருஷம் வளர்த்து, நான் இன்னும் பார்க்காத பூ.

அதன் மகரந்தம் அதற்கே ஒட்டாது. வேறு ஆள் வேண்டும். உன் வெள்ளை லில்லி இந்நேரம் பூத்திருக்கும். கொஞ்சம் மகரந்தம் எடுத்து, எண்ணெய்த்தாளில் மடித்து, தபாலில் போடு. உங்கள் லேபில் ஈரம் உறிஞ்ச வைத்திருப்பீர்களே நீலக் குருணை, அதில் இரண்டு சேர்த்துப் போடு.

ஃபோன் செய்யாதே. ஃபோனில் நீ பேசினால் கடைசியில் நான் "சரி" என்றுதான் வைக்கிறேன். தாளில் என் வாக்கியத்தை நானே முடிக்க முடிகிறது.

காய் பிடித்தால் பாதி விதை உனக்கு.

இன்றைக்கும் வந்தவர்களிடமெல்லாம் "மூச்ச இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. நீ வைத்த பெயரை மாற்ற வழியில்லை.

மூச்சுக்காரி


பிப்ரவரி 13

அன்பு மூச்சுக்காரிக்கு,

மகரந்தம் இணைத்திருக்கிறேன். இரண்டு பொட்டலம். ஒன்று வழியில் நனைந்தால் இன்னொன்று.

பூ விரிந்தவுடன் போடாதே. சூல்முடி மூன்றாகப் பிரிந்து பிசுபிசுப்பு வந்தபிறகு போடு. வெயில் ஏறியதும் போடு. தூரிகை வேண்டாம், பல்குத்தும் குச்சி போதும். போட்டபின் காம்பில் நூல் கட்டு. காய் பிடித்தபின் தண்ணீரைக் கூட்டாதே.

இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது. தண்ணீர் சாம்பிள்கள் வருகின்றன. தகுதி, தகுதியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். கீழ் வீட்டு டிரில் மாஸ்டர் தினமும் மாடிப்படியில் நிறுத்தி, "வீட்ல எப்ப வராங்க?" என்று கேட்கிறார். "ட்ரெய்னிங்" என்கிறேன். "எட்டு மாசமா? ராணுவத்துலகூட ஆறு மாசந்தான்யா" என்கிறார்.

ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன். இலையில் தேமல் வைரஸ் வந்த கிழங்குக்கு மருந்து கிடையாது. மற்ற நாற்பது தொட்டிகளுக்கும் பரவியிருக்கும். அது உனக்கும் தெரியும். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இப்போதும் யோசிக்கிறேன். எதுவும் தோன்றவில்லை.

எப்போது வருவாய் என்று கேட்கவில்லை.

சாம்பிள்


பிப்ரவரி 24

அன்புள்ள சாம்பிள்,

எனக்குப் பூவுக்கு மகரந்தம் போடச் சொல்லிக் கொடுத்ததற்கு நன்றி. உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? நம் மாடியில், குச்சியைப் பிடிக்கத் தெரியாமல் சூல்தண்டையே ஒடித்துவிட்டு நின்றவன் யார்?

பூ விரிந்தது. ஒரு தண்டில் மூன்று. அடர்த்தியான சிவப்பு, செங்கல் நனைந்தால் வருமே அது. ஒவ்வொரு இதழிலும் ஒரு பச்சை வரி. உதட்டில் ஆரம்பித்துத் தொண்டைவரை போகிறது. உள்ளே போகப் போக மெலிகிறது, ஆனால் அறுபடவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். டூட்டிக்குத் தாமதம்.

படம் எடுத்தேன். அனுப்ப மாட்டேன். வந்து பார்க்க வேண்டிய பூ அது.

நான் கீழே தையல் கடை வைத்திருக்கும் அம்மாவின் மாடியில் இருக்கிறேன். பூவைக் காட்டக் கூப்பிட்டேன். ஊசியை வாயில் கவ்வியபடியே ஏறி வந்து பார்த்தார். "இந்தக் கலர்ல பட்டு வந்தா நானே ஒண்ணு எடுத்துக்குவேன்" என்றார். அதற்கு மேல் என்ன பாராட்டு.

நீ எழுதிய "ஒன்று" பற்றி. நீ செய்தது சரி. எழுதிக் கொடுக்கிறேன், வைத்துக்கொள். நீ எப்போதும் சரிதான். உன் பக்கம் முழுக்கச் சரி நிறைந்து கிடக்கும்போது நான் நிற்க இடம் எங்கே?

நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்த இரண்டு நாளில் எரித்தாய். திரும்பி வந்தபோது தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாய். மொட்டு விட்டிருந்தது என்பது எனக்குத் தெரியக்கூட இல்லை. நீயாகத்தான் சொன்னாய். "நீ இருந்தா அழுதுட்டே இருப்பே, அதான்" என்றாய். நான் கிழங்குக்காக அழுகிறேன் என்று நினைத்தாய். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீக்குச்சியை நானே உரசியிருப்பேன், மடையா.

வேலை மாறியது, ஊர் மாறியது எல்லாம் அப்புறம் வந்தவை. நான் கிளம்பியது அந்தக் கவிழ்த்த தொட்டியிலிருந்து.

நீ கேட்காத கேள்விக்குப் பதில்: என்னிடம் ஏதாவது ஒன்றைக் கேள். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை இரு. அது ஒன்று நடந்தால் போதும், பெட்டியைக் கட்டிவிடுவேன்.

மூச்சுக்காரி


மார்ச் 6

அன்பு மூச்சுக்காரிக்கு,

புரிந்தது.

கேட்கிறேன். மாடியில் மேற்கு வெயில் அதிகமாகிவிட்டதால் பச்சை நிழல்வலை போட்டிருக்கிறேன். நான்கு கம்பம் நட்டு, சிமெண்ட் பூசியாயிற்று. உனக்குச் சரியா?

காய் பிடித்ததா?

சாம்பிள்


ஏப்ரல் 11

அன்புள்ள சாம்பிள்,

சிமெண்ட் பூசியபிறகு கேட்பதற்குப் பெயர் கேள்வி இல்லை. ரசீது.

ஆனால் சிரித்தேன். வெகுநாளைக்குப் பிறகு சத்தமாக. தையலம்மா கீழேயிருந்து மிஷினை நிறுத்திவிட்டு, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். "எங்க வீட்டுக்காரர் லெட்டர்மா" என்றேன். "அப்போ ஏன் இங்க இருக்கே?" என்றார். மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உனக்கு உறவாக இருக்கும்.

காய் வெடித்தது. விதைகள் எரிந்த காகிதத் துணுக்குகள் போலக் கறுப்பாக, ஊதினால் பறக்கும் கனம். எது பொக்கு, எது உயிருள்ளது என்று கையில் தெரியாது. எனக்கு ஒரு யோசனை வந்தது. வேலை முடிந்ததும் ஃபிலிம் பார்க்கிற வெளிச்சப் பெட்டியில் பரப்பினேன். விலா எலும்பு பார்க்கிற இடத்தில் விதை. பொக்கெல்லாம் வெறும் சருகு. உயிருள்ளதில் நடுவில் சின்னப் புடைப்பு, அரிசிக் குருணை மாதிரி. "மூச்ச பிடிங்க" என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. பிடித்தது நான்தான்.

நல்லதை மட்டும் பொறுக்கிச் சரி பாதி அனுப்பியிருக்கிறேன். ஒன்று மிஞ்சியது. அதையும் உனக்கே வைத்துவிட்டேன்.

மூச்சுக்காரி


ஜூன் 2

அன்பு மூச்சுக்காரிக்கு,

விதைகளை லேபில் கண்ணாடித் தட்டில் தண்ணீர் விட்டு மிதக்கவிட்டேன். என் மேசை ஓரத்தில் இருந்தன. மேலதிகாரி பார்த்துவிட்டு, "இது எந்த ஏரி சாம்பிள்? இவ்வளவு குப்பை!" என்றார். வீட்டு சாம்பிள் என்றேன். "ரிசல்ட்?" என்றார். இன்னும் வரவில்லை என்றேன்.

வந்துவிட்டது. எல்லாம் முளைத்தன. புல் மாதிரி ஒரே ஒரு இலை ஒவ்வொன்றிலும். மண்ணுக்கு மாற்றியாயிற்று. தேமல் விதை வழியாகவோ மகரந்தம் வழியாகவோ போவதில்லை என்று படித்தேன். இருந்தாலும் தினமும் ஒவ்வொரு இலையாகப் பார்க்கிறேன். சுத்தம். பூக்க நான்கு வருஷம் ஆகும்.

ஒரு கேள்வி. நம் அறையில் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தலாம் என்று தோன்றுகிறது. இப்போது இருக்கிற இடத்தில் காற்று வரவில்லை. நகர்த்தவில்லை. அளந்துகூடப் பார்க்கவில்லை. நீ சொல்.

இதை எழுதிவிட்டு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அளவு நாடா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

சாம்பிள்


ஜூலை 28

அன்புள்ள சாம்பிள்,

பதில் வேண்டுமென்றே தாமதப்படுத்தினேன். நீ தாங்குகிறாயா என்று பார்க்க. இதற்குள் நகர்த்தியிருப்பாய் என்று நினைத்து, டிரில் மாஸ்டர் வீட்டு அக்காவுக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கட்டில் அங்கேயேதான் கெடக்கு. அவருதான் தரையில ஜன்னலோரமாப் பாய் போட்டுப் படுத்திருக்காரு."

ஃபோனை வைத்ததும் தாள் எடுத்தேன்.

கட்டிலை நகர்த்தாதே. நான் வந்து பார்த்துச் சொல்கிறேன். இங்கே வேலைக்கு ஓர் ஆள் கிடைக்கும்வரை விடமாட்டார்கள். மாசிப் பூ முடிந்ததும் வருகிறேன். தொட்டியோடு. நீ ஒருமுறைகூடப் பார்க்காத பூவை நீ இங்கே வந்து பார்த்தபிறகு.

என் பங்கில் ஒன்பது நாற்று நிற்கின்றன. தையலம்மா அவற்றுக்குக் கத்தரித்த துணிநாடாவால் வேலி கட்டியிருக்கிறார். பூனைக்காக என்கிறார். இந்தத் தெருவில் பூனையே இல்லை.

பாயில் படுக்காதே. முதுகு பிடித்துக்கொள்ளும்.

உன் மூச்சுக்காரி


ஜனவரி 29

அன்புள்ள சாம்பிள்,

கை நடுங்குகிறது, எழுத்து கோணலாக இருக்கும்.

இன்று காலை குட்டிக்குத் தண்ணீர் விடும்போது இலையை ஜன்னலுக்கு எதிரே பிடித்தேன். மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக. முதலில் வெயில் என்று நினைத்தேன். அடுத்த இலையைப் பிடித்தேன். அதிலும். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீ பார்த்திருக்கிறாய். அதே தேமல்.

அப்போதே இருந்திருக்கிறது. தாயிடமிருந்து பிரிக்கும்போதே உள்ளே இருந்து, இத்தனை நாள் வெளியே காட்டாமல் என்னோடு பஸ்ஸில் வந்து, போன வருஷம் பூத்தும் காட்டி.

மொட்டும் வந்திருக்கிறது. விரல் நீளம்.

என் கையால் இதை எரிக்க முடியும் என்று தோன்றவில்லை. ராத்திரி எழுந்து எழுந்து பார்க்கிறேன். நாற்றுகளைத் தூரத்தில் வைத்துவிட்டேன். யோசித்து எழுதுகிறேன்.

மூச்சுக்காரி


பிப்ரவரி 3

அன்பே,

யோசித்துவிட்டேன். இப்போது கை நடுங்கவில்லை.

அதைத் தனியாக என் அறை ஜன்னலில் வைத்துவிட்டேன். பக்கத்தில் வேறு செடி இல்லை. பூச்சி வராமல் தையலம்மாவிடம் வாங்கிய வலைத்துணியால் மூடியிருக்கிறேன். மணப்பெண் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஒரு வாரம் இப்படி இருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விரியும். நீ வா. காலை பஸ்ஸைப் பிடித்தால் மதியத்துக்குள் வந்துவிடலாம். அந்தப் பச்சை வரியை உன் கண்ணால் பார். பார்த்தபிறகு இரண்டு பேருமாகக் கீழே எடுத்துப் போவோம். நீ தொட்டியைப் பிடி. தீக்குச்சி நான். அழுவேன், அழுதுகொண்டே செய்வேன், அதை நீ பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பார்த்துக்கொண்டு நிற்பது மட்டும்தான் உன் வேலை. முடியுமா?

அப்புறம் உன்னோடு அதே சாயங்கால பஸ். பெட்டி கட்டியாயிற்று. சின்னதுதான். வேலையிடத்திலும் சொல்லிவிட்டேன்.

கட்டிலை ஜன்னல் பக்கமே போடலாம். இப்போதே சொல்லிவிடுகிறேன்.

உன்னுடையவள்


பிப்ரவரி 5

அன்பு மூச்சுக்காரிக்கு,

இதை உன் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ டூட்டியில் இருக்கிறாய். தம்ளருக்கு அடியில் வைத்துவிட்டுப் போவேன்.

உன் ஜனவரிக் கடிதம் கிடைத்ததிலிருந்து எனக்கும் தூக்கமில்லை. கை நடுங்குகிறது என்று எழுதியிருந்தாய். அந்தக் கோணல் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையால் முடியாது என்று எழுதியிருந்தாய். ராத்திரி எழுந்து எழுந்து பார்ப்பதாக. அடுத்த கடிதம் வரட்டும் என்று நேற்றுவரை இருந்தேன். அதற்கு மேல் இருக்க முடியவில்லை. நேற்று ராத்திரி பஸ் ஏறிவிட்டேன்.

தையலம்மா அடையாளம் கண்டுகொண்டார். "சாம்பிள்தானே?" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சாவி கொடுத்தார். நான் தொட்டியோடு இறங்கி வந்தபோது, "அவ கிட்ட கேட்டீங்களா?" என்றார். "கேட்டா கஷ்டப்படுவாம்மா. வர்றதுக்குள்ள முடிச்சுடறேன்" என்றேன். "அஞ்சு மணிக்கு வந்துடுவா. உக்காருங்க. ஒரு வாய் தண்ணியாவது குடிங்க" என்றார். மதிய பஸ்ஸை விட்டால் வீடு சேர நடுராத்திரி ஆகிவிடும், நாளை காலை வேலை. உட்காரவில்லை. அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்துவிட்டார்.

பின்பக்கம் வெட்டுத்துணி எரிக்கிற தொட்டியில் வைத்தே முடித்துவிட்டேன். கிழங்கு முழுதாக வெந்துவிட்டதா என்று கிளறிப் பார்த்தேன். மண்ணும் எரித்தாயிற்று. தொட்டியை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி ஜன்னலில் காயவைத்திருக்கிறேன். கத்தியைத் தணலில் காட்டினேன். உன் நாற்றுகளைப் பார்த்தேன். ஒன்பதும் சுத்தம். தொடவில்லை.

போன தடவை மொட்டோடு எரித்தது தப்பு. அதை நினைத்துக்கொண்டேதான் வந்தேன். இந்தத் தடவை தண்டை அடியோடு வெட்டி உன் தம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். தண்ணீரிலேயே விரியும். ஞாயிறு வாக்கில் விரிந்துவிடும். நீ பார்க்கலாம்.

உன் அறை நன்றாக இருக்கிறது. கட்டில் ஜன்னலோரம். கதவுக்குப் பின்னால் ஒரு பெட்டி கட்டி வைத்திருக்கிறாய். அக்கா வீட்டுக்குப் போகிறாயா?

இனி நீ நிம்மதியாகத் தூங்கலாம். கஷ்டமான பகுதி முடிந்துவிட்டது.

சாம்பிள்


பிப்ரவரி 5, ராத்திரி

மூச்சுக்காரி,

உன் மூன்றாம் தேதிக் கடிதம் கதவுக்கு அடியில் கிடந்தது. பையைக்கூட இறக்கவில்லை.

பெட்டி.

ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? கேட்கிறேன். நீ எழுதும்வரை கிளம்ப மாட்டேன். ஃபோனும் செய்யவில்லை. செய்யலாமா என்று அதையும் கேட்கிறேன்.

வலைத்துணியைப் பார்த்தேன். பூச்சிக்கு என்று நினைக்கவில்லை. அழகுக்குப் போட்டிருக்கிறாய் என்று நினைத்து, மடித்து உன் தலையணைமேல் வைத்தேன்.

சாம்பிள்


பிப்ரவரி 17

வணக்கம்.

உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. உடனே எழுத முடியவில்லை. மன்னிக்கவும்.

ஞாயிற்றுக்கிழமை பூ விரிந்தது. தம்ளரில், வேரில்லாமல். மூன்றும் ஒரே நாளில். நிறம் போன வருஷத்தைவிடக் கொஞ்சம் வெளுப்பு. வரி அப்படியேதான் இருந்தது. தையலம்மா படியேறி வந்து பார்த்தார். "நான் சாவியைக் குடுத்திருக்கக் கூடாதும்மா" என்றார். "நீங்க குடுக்கலேன்னா பூட்டை உடைச்சிருப்பார்மா. அப்புறம் புதுப் பூட்டு வாங்கி மாட்டிட்டுப் போயிருப்பார்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவர் அழுதார். நான் அழவில்லை.

கோபமாக இருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபமாக இருந்தால் நேரில் வந்திருப்பேன்.

நீங்கள் கெட்டவர் இல்லை. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். அவ்வளவு தூரம் ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்து வந்தீர்கள். தம்ளரில் தண்ணீர் அளவாக ஊற்றியிருந்தீர்கள். எனக்காகத்தான் எல்லாம். எனக்காகச் செய்கிற எதிலும் நான் இல்லை. அதை எப்படி எழுதினாலும் உங்களுக்குப் புரிய வைக்க எனக்குத் தெரியவில்லை. இனி முயற்சி செய்ய வேண்டாம் என்று நினைக்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது போதும்.

வேறு ஊருக்கு மாற்றல் கிடைத்திருக்கிறது. பெட்டி கட்டியே இருந்ததால் சுலபம். நாற்றுகளைத் தையலம்மாவிடம் விட்டுப் போகிறேன். கடிதம் ஏதாவது வந்தால் அவர் அனுப்பி வைப்பார். காகிதங்களில் கையெழுத்து வேண்டுமென்றால் அக்காவிடம் கொடுத்தனுப்புங்கள்.

பூ வாடுவதற்குள் மகரந்தம் எடுத்து மடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். தேமல் மகரந்தத்தோடு போவதில்லை என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள். உங்கள் வெள்ளைக்குப் போடலாம். போடாமலும் இருக்கலாம். நீங்களே முடிவு செய்யுங்கள்.

கட்டிலை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

காய் பிடித்தால் எனக்குப் பாதி அனுப்ப வேண்டாம்.


(நான்கு வருஷங்களுக்குப் பின்)

மார்ச் 2

அன்பு மூச்சுக்காரிக்கு,

தையலம்மாவின் முகவரிக்கே அனுப்புகிறேன். அவர் இன்னும் அங்கே இருக்கிறாரா, உன்னிடம் சேர்ப்பாரா, தெரியாது.

நீ பொறுக்கி அனுப்பிய விதைகளில் ஒன்று பூத்திருக்கிறது. எல்லாவற்றிலும் இதுதான் முதல். மிஞ்சிய ஒன்றை எனக்கே வைத்ததாக எழுதியிருந்தாயே, இதுதான் அது என்று நானாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆதாரம் எதுவும் இல்லை.

வெளுத்த சிவப்பு. என் வெள்ளையின் வாசனை, கிட்டே போனால் மட்டும். ஒவ்வொரு இதழிலும் பச்சை வரி. உதட்டில் ஆரம்பித்துத் தொண்டைவரை. உள்ளே போகப் போக மெலிகிறது. அறுபடவில்லை. நீ எழுதிய கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். அப்படித்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பூவை நான் பார்த்ததே இல்லை.

டிரில் மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மாடியேற முடியவில்லை அவருக்கு. தொட்டியைக் கீழே தூக்கிப் போனேன். வெகுநேரம் பார்த்தார். "அட்டென்ஷன்ல நிக்குதுய்யா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "போட்டோ அனுப்பினியா?" என்றார். இது வந்து பார்க்க வேண்டிய பூ என்றேன்.

கட்டில் அதே இடத்தில்தான் இருக்கிறது. நீ மூன்றாம் தேதியில் ஒன்று எழுதியிருந்தாய். பதினேழாம் தேதியில் வேறு எழுதியிருந்தாய். எதை எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பாய் பழகிவிட்டது.

நீ அனுப்பிய மகரந்தப் பொட்டலம் ஃப்ரீசரில் இருக்கிறது. இத்தனை வருஷம் அதைப் பிரிக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் வெள்ளை பூத்தது, உதிர்ந்தது. தூளில் இனி உயிர் இருக்குமா என்று சொல்ல முடியாது. எங்கள் லேபில் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்கவில்லை.

தாயின் மகரந்தத்தை இந்தப் பூவுக்குப் போடட்டுமா?

முடிவு செய்யச் சொல்லியிருந்தாய். நான் கேட்கிறேன்.

இன்று காலை சூல்முடி மூன்றாகப் பிரிந்துவிட்டது. வெயிலில் பளபளக்கிறது. நாளை மறுநாள்வரை தாங்கும். இந்தக் கடிதம் உன்னைத் தேடி வந்து சேர அதைவிட நாளாகும். தெரியும். குச்சியை மேசையிலேயே வைத்துவிட்டு மாடிக்கு நாற்காலி எடுத்து வந்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ எழுதும்வரை தொட மாட்டேன்.

சாம்பிள்